ரோபோ செல்லைப் பாதுகாப்பாக அமைப்பது எப்படி? புதிதாக இறங்குபவர்களுக்கு

ரோபோ வந்து இறங்கிவிட்டது. அதை நிறுத்தி ஓடவைக்கும் பொறுப்பு உங்களுடையது. கையில் கையேடு இருக்கிறது, விற்றவர் கொடுத்த சான்றிதழும் இருக்கிறது. "அதுதான் சான்றிதழ் இருக்கிறதே, அப்புறம் என்ன?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அந்தச் சான்றிதழ் ரோபோவுக்கு மட்டும்தான், நீங்கள் அமைக்கப்போகும் செல்லுக்கு (ரோபோ, கிரிப்பர், மேசை, வேலி எல்லாம் சேர்ந்த வேலையிடத்துக்கு) அல்ல.

தனி ரோபோ என்பது வெறும் கை. அதன் நுனியில் பொருளைப் பிடிக்கும் கிரிப்பரை மாட்டுவதும், எதைத் தூக்க வேண்டும், எவ்வளவு வேகமாகப் போக வேண்டும், பக்கத்தில் என்ன மேசை, யார் எங்கே நிற்பார்கள் என்றெல்லாம் முடிவு செய்வதும் நீங்கள். ஆபத்து பிறப்பது இந்த முடிவுகளில். ஐரோப்பியச் சட்டமும் தனி ரோபோவை முழுமையடையாத இயந்திரமாகவே பார்க்கிறது. அதை முழுமையாக்குபவர்தான் மொத்த அமைப்புக்கும் பொறுப்பு. ரோபோவை ஓரிடத்திலும் கிரிப்பரை இன்னோரிடத்திலும் வாங்கி நீங்களே சேர்த்தால், தரநிலைகள் 'ஒருங்கிணைப்பாளர்' என்று சொல்லும் ஆள் நீங்கள்தான்.

பழைய விபத்துகள் இரண்டைப் பாருங்கள். 1979ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில், பாகங்களை எடுத்துத் தரும் தானியங்கி அமைப்பு சரியாக வேலை செய்யவில்லை. பாகங்களைக் கையால் எடுக்க அடுக்கின் மேல் ஏறிய தொழிலாளி, இயந்திரக் கை தாக்கி இறந்தார். 1981ல் ஜப்பானின் அகாஷியில் இருந்த ஒரு தொழிற்சாலையில், பழுதான ரோபோவைப் பார்க்கப் பாதுகாப்பு வேலிக்குள் போன ஊழியர் இறந்தார். இரண்டுமே உற்பத்தி சீராக ஓடிக்கொண்டிருந்தபோது நடந்தவை அல்ல. எல்லாம் ஒழுங்காக ஓடும்போது ரோபோவுக்கு அருகில் போக யாருக்கும் பெரும்பாலும் காரணமே இருக்காது. ஏதாவது சிக்கும்போது, நிற்கும்போது, தவறாக எடுக்கும்போதுதான் மனிதர் உள்ளே போகிறார். செல்லை வடிவமைக்கும்போது அந்த நேரங்களைத்தான் முதலில் மனதில் வைக்க வேண்டும். கீழே உள்ள எல்லாப் படிகளும் அந்த நோக்கில் எழுதப்பட்டவை.

படி 1: எந்தத் தரநிலை எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்

தலைமையானது சர்வதேசத் தரநிலை அமைப்பான ஐஎஸ்ஓவின் 10218. இதில் இரண்டு பகுதிகள். முதல் பகுதி ரோபோ தயாரிப்பவருக்கு, இரண்டாம் பகுதி அதைச் சேர்த்து அமைப்பவருக்கு. உங்களுக்கு வேண்டியது இரண்டாம் பகுதி. 2011 பதிப்புதான் நெடுநாள் புழக்கத்தில் இருந்தது. 2025ல் புதுப் பதிப்பு வந்துவிட்டது. மனிதரோடு சேர்ந்து வேலை செய்யும் ரோபோக்களுக்காக 2016ல் வெளியான ஐஎஸ்ஓ/டிஎஸ் 15066-இன் உள்ளடக்கம் இந்தப் புதுப் பதிப்புக்குள் சேர்க்கப்பட்டிருக்கிறது. பழைய பயிற்சிக் குறிப்புகளை வைத்துப் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இவற்றுக்கு அடித்தளம் ஐஎஸ்ஓ 12100. எந்த இயந்திரத்துக்கும் ஆபத்தை எப்படி மதிப்பிடுவது என்று சொல்வது அதுதான். கட்டுப்பாட்டுச் சுற்றுகள் எவ்வளவு நம்பகமாக இருக்க வேண்டும் என்பதற்கு ஐஎஸ்ஓ 13849-1, பாதுகாப்புக் கருவியை எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்பதற்கு ஐஎஸ்ஓ 13855, எமர்ஜென்சி ஸ்டாப்புக்கு ஐஎஸ்ஓ 13850, வேலிகளுக்கு 14120, கதவைத் திறந்தால் இயந்திரத்தை நிறுத்தும் இன்டர்லாக்குகளுக்கு 14119. ரோபோ சக்கரத்தின் மேல் நகரும் வகை என்றால் ஐஎஸ்ஓ 3691-4-ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படிக்கத் தேவையில்லை. 12100-ஐயும் 10218-2-ஐயும் முழுதாகப் படியுங்கள். மற்றவற்றை வேலை வரும்போது திறந்தால் போதும். தரநிலை சட்டமல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பாவில் 2023/1230 என்ற புதிய இயந்திர ஒழுங்குமுறை 2027 ஜனவரி 20 முதல் பழைய 2006/42/இசி-க்குப் பதிலாக நடைமுறைக்கு வருகிறது. உங்கள் செல் எந்த நாட்டில் ஓடப்போகிறதோ அந்த நாட்டுச் சட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படி 2: இயந்திரத்தை விட்டுவிட்டு மனிதர் செய்யும் வேலைகளை எழுதுங்கள்

பலரும் ஆபத்து மதிப்பீட்டை இயந்திர பாகங்களின் பட்டியலாகத் தொடங்குகிறார்கள்: முதல் மூட்டு, இரண்டாம் மூட்டு, கிரிப்பர், கன்வேயர் என்று. அது வேண்டியதுதான், ஆனால் அங்கே தொடங்கினால் முக்கியமானவை விட்டுப்போகும். ஒரு தாளில் மனிதர் கை வைக்கும் ஒவ்வொரு வேலையையும் எழுதுங்கள். பாகங்களை அடுக்குவது, தட்டை மாற்றுவது, கீழே விழுந்த பாகத்தை எடுப்பது, சென்சாரின் கண்ணாடியைத் துடைப்பது, ரோபோ போக வேண்டிய புள்ளிகளை அதற்குக் கற்றுக்கொடுப்பது, கிரிப்பர் விரலை மாற்றுவது, தரையைப் பெருக்குவது, பழுது பார்ப்பது, கடைசியில் கழற்றி அப்புறப்படுத்துவதுவரை.

இந்தப் பட்டியலை மேசையில் உட்கார்ந்து தனியாக எழுத முடியாது. இதே மாதிரி வேலையை இப்போது கையால் செய்பவரையும் பராமரிப்பில் இருப்பவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "வாரத்துக்கு எத்தனை தடவை சிக்கும்? சிக்கினால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" இந்த இரண்டு கேள்விகளுக்கு வரும் பதில் எந்த மென்பொருளும் தராத விஷயங்களைத் தரும். கூடவே, செய்யக்கூடாததைச் செய்யும் சாத்தியத்தையும் எழுதுங்கள்: குறுக்குவழியாகக் கன்வேயருக்குக் கீழே குனிந்து போவது, கதவு சுவிட்சுக்கு உதிரிச் சாவி செருகி ஏமாற்றுவது. முன்கூட்டியே ஊகிக்கக்கூடிய தவறான பயன்பாட்டையும் கணக்கில் எடுக்கும்படி ஐஎஸ்ஓ 12100 கேட்கிறது.

அப்புறம் ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் என்ன நேரலாம் என்று எழுதுங்கள். இடிபடுவது, நசுங்குவது, வெட்டுப்படுவது, கையில் இருக்கும் பொருள் பறந்து வருவது, சூடு, மின்சாரம், காற்றழுத்தம். எவ்வளவு கடுமையான காயம், எவ்வளவு அடிக்கடி அந்த இடத்துக்குப் போகிறார், ஆபத்து வந்தால் விலக முடியுமா என்ற மூன்றும் சேர்ந்துதான் ஆபத்தின் அளவு.

படி 3: வரிசை மாறாமல் ஆபத்தைக் குறையுங்கள்

முதலில் வடிவமைப்பிலேயே ஆபத்தை நீக்கப் பாருங்கள். முடியாதபோது வேலி, சென்சார் போன்ற பாதுகாப்புகள். அதற்கும் மிஞ்சி நிற்பதற்குத்தான் எச்சரிக்கைப் பலகை, பயிற்சி, கையுறை. இது 12100 சொல்லும் வரிசை. நடைமுறையில் பல இடங்களில் மஞ்சள் ஸ்டிக்கரில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள்.

வடிவமைப்பில் நீக்குவது என்றால் பெரிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். ரோபோவை மேசை விளிம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தாலே நசுங்கும் இடம் ஒன்று மறையும். நசுங்காமலிருக்கத் தேவையான குறைந்தபட்ச இடைவெளிகளை ஐஎஸ்ஓ 13854 தருகிறது: விரலுக்கு 25 மி.மீ., கைக்கு 100, முழங்கைப் பகுதிவரை உள்ள கரத்துக்கு 120, தலைக்கு 300, உடலுக்கு 500. இந்த எண்களைச் செல் வரைபடத்தின் ஓரத்திலேயே எழுதி வையுங்கள். வரையும்போதே பலன் தரும்.

படி 4: பாதுகாப்புச் சுற்று எவ்வளவு நம்பகமாக இருக்க வேண்டும்

கதவைத் திறந்தால் ரோபோ நிற்க வேண்டும். அந்த நிறுத்தும் சுற்றே பழுதாகிவிட்டால்? இதற்குத்தான் ஐஎஸ்ஓ 13849-1 ஏ முதல் இ வரை ஐந்து செயல்திறன் நிலைகளை வைத்திருக்கிறது. கடுமையான காயம், அடிக்கடி போகும் இடம், ஆனால் விலக வாய்ப்புண்டு என்றால் 'டி' நிலை. விலகவும் வாய்ப்பில்லை என்றால் 'இ'. 'டி' நிலை என்பது ஒரு மணி நேரத்தில் ஆபத்தான பழுது நேரும் வாய்ப்பு கோடியில் ஒன்றுக்கும் பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் இடையில் இருப்பது.

ஐஎஸ்ஓ 10218-இன் 2011 பதிப்பு ரோபோவின் பாதுகாப்புச் செயல்பாடுகளுக்குப் பொதுவாக 'டி' நிலையையும் வகை 3 என்ற அமைப்பையும் கேட்டது. வகை 3 என்றால், ஒரு பழுது மட்டும் நேர்ந்தால் பாதுகாப்பு போய்விடக் கூடாது. அதனால்தான் இன்டர்லாக்கிலிருந்து இரண்டு தனித்தனிக் கம்பிகள் வருகின்றன. ஒரே சிக்னலை இரண்டாகப் பிரித்து இரண்டு உள்ளீட்டிலும் கொடுப்பவர்களைப் பார்க்கலாம்; கம்பி இரண்டு இருந்தும் அங்கே வழி ஒன்றுதான். இயந்திரங்களை இயக்கும் சாதாரண கட்டுப்பாட்டுக் கணினி (பிஎல்சி) வழியாகவும் பாதுகாப்பு சிக்னலைக் கொண்டுபோகாதீர்கள். அதற்கென்றே உள்ள பாதுகாப்பு ரிலே அல்லது பாதுகாப்பு பிஎல்சி வேண்டும்.

படி 5: வேலி, கதவு, தூரம்

ரோபோ வேகமாக ஓட வேண்டும், மனிதர் உள்ளே வரத் தேவையே இல்லை என்றால் வேலியைப் போல நல்ல தீர்வு வேறில்லை. வெட்கப்பட வேண்டிய பழைய முறை அல்ல அது.

கதவில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். திறந்தால் நிற்க வேண்டும். மூடினால் தானாக மறுபடி ஓடத் தொடங்கக் கூடாது. தனியாக ரீசெட் அழுத்த வேண்டும். அந்த ரீசெட் பொத்தான் வேலிக்கு வெளியே, உள்ளே முழுவதும் தெரியும் இடத்தில், உள்ளிருந்து கை எட்டாதபடி இருக்க வேண்டும். ஒருவர் உள்ளே குனிந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது இன்னொருவர் கதவைச் சாத்தி ரீசெட் அழுத்திவிடுவது இந்தத் துறையில் எல்லோரும் பயப்படும் சூழல். பெரிய செல் என்றால் உள்ளே ஆள் இருப்பதைக் கண்டுபிடிக்கும் ஸ்கேனரும் வையுங்கள். உள்ளே போகிறவர் தன் பூட்டைக் கதவில் மாட்டிவிட்டுப் போகும் வசதியும் கட்டாயம் இருக்கட்டும்.

ஆள் குறுக்கிடுவதை ஒளிக்கதிரால் கண்டுபிடிக்கும் லைட் கர்ட்டனோ லேசர் ஸ்கேனரோ வைத்தால் தூரக் கணக்கு வரும். மனிதர் வரும் வேகத்தை நிற்க ஆகும் மொத்த நேரத்தால் பெருக்கி, அதோடு கை நீட்டும் தூரத்தைக் கூட்ட வேண்டும். நடந்து வருபவரின் வேகம் நொடிக்கு 1600 மி.மீ. என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 30 மி.மீ. பருமனுள்ள பொருளைக் கண்டுபிடிக்கும் லைட் கர்ட்டன், நிற்க மொத்தம் அரை நொடி ஆகும் என்றால், 13855-இன் 2010 பதிப்புச் சூத்திரப்படி 800 மி.மீ., அதோடு கை நீட்டலுக்கு 128 மி.மீ., ஆக 928 மி.மீ. தள்ளி வைக்க வேண்டும். அரை நொடி என்பது கையேட்டில் பார்த்த எண்ணாக இருக்கக் கூடாது. முழு எடை, முழு வேகம், ரோபோவின் கை நீண்ட நிலையில் நீங்களே அளந்த எண்ணாக இருக்க வேண்டும். பிரேக் தேயத் தேய இந்த நேரம் கூடும்.

இன்டர்லாக்கை ஏமாற்றுவது பற்றியும் சொல்லியாக வேண்டும். தொழிலாளர்கள் ஒழுக்கமில்லாமல் அதைச் செய்கிறார்கள் என்று சொல்வது எளிது. பெரும்பாலும் காரணம் செல்லில்தான் இருக்கிறது: ஷிஃப்டுக்குப் பத்துத் தடவை கதவைத் திறந்து, நின்றதை மறுபடி ஓட்ட ஐந்து நிமிடம் செலவாகிறது என்றால், யாராவது ஒருநாள் அந்த சுவிட்சை ஏமாற்றத்தான் செய்வார். அடிக்கடி கை வைக்க வேண்டிய பாகத்தை வேலிக்கு வெளியே இழுக்கும் டிராயராக மாற்றுங்கள். ஏமாற்றும் தேவையே இருக்காது.

படி 6: வேலி இல்லாமல் சேர்ந்து வேலை செய்யும் ரோபோ

'கோபாட்' என்று ஒரு வகை இயந்திரம் தன்னளவில் பாதுகாப்பானது என்ற எண்ணம்தான் புதியவர்கள் முதலில் விட வேண்டியது. கோபாட்டின் நுனியில் கூரான கத்தியை மாட்டினால் அது எவ்வளவு மென்மையாக நகர்ந்தாலும் ஆபத்துதான். ஐஎஸ்ஓ 10218-இன் 2025 பதிப்பும் சேர்ந்து வேலை செய்யும் ரோபோ என்று சொல்லாமல், சேர்ந்து வேலை செய்யும் பயன்பாடு என்றே பேசுகிறது.

15066 நான்கு வழிகளைச் சொல்கிறது. மனிதர் உள்ளே வந்ததும் ரோபோ அசையாமல் நின்று, அந்த நிலை கண்காணிக்கப்படுவது ஒன்று. மனிதர் கையால் பிடித்து நடத்துவது இரண்டு. தூரத்துக்கேற்ப வேகத்தைக் குறைத்து, கடைசியில் நிற்பது மூன்று. தொட்டாலும் காயமாகாத அளவுக்கு விசையையும் வேகத்தையும் கட்டுப்படுத்துவது நான்கு. முதல் வழியை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, ஆனால் பல வேலைகளுக்கு அதுவே போதும் என்பது என் கருத்து.

மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இடத்தைக் கணக்கிடாமல் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்சாரும் கட்டுப்பாடும் சேர்ந்து 0.2 நொடி, ரோபோ நிற்க 0.4 நொடி. இந்த 0.6 நொடியில் மனிதர் 0.96 மீட்டர் நெருங்கிவிடுவார். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வரும் ரோபோ பிரேக் பிடிப்பதற்குள் 0.2 மீட்டர், பிடித்த பின் ஏறத்தாழ இன்னொரு 0.2 மீட்டர் நகரும். தரையிலிருந்து 300 மி.மீ. உயரத்தில் உள்ள ஸ்கேனருக்கு, அதே 2010 சூத்திரப்படி, கை நீட்டலுக்காக 1.08 மீட்டர் சேர்க்க வேண்டும். மொத்தம் 2.44 மீட்டர். சென்சாரின் பிழையையும் ரோபோ நிலையின் பிழையையும் இன்னும் சேர்க்கவில்லை. சின்ன இடத்தில் இது நடக்காது.

நான்காவது வழிதான் அதிகம் பயன்படுகிறது, அதிகம் தவறாகவும் புரிந்துகொள்ளப்படுகிறது. ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகம் வலி எந்த அழுத்தத்தில் தொடங்குகிறது என்று மனிதர்களிடம் செய்த ஆய்வின் அடிப்படையில், 15066 உடலின் 29 இடங்களுக்கு வரம்புகள் தருகிறது. உடல் எங்கும் நகர முடியாமல் சிக்கிக்கொண்டால் கைக்கும் மார்புக்கும் 140 நியூட்டன், வயிற்றுக்கு 110, முகத்துக்கு 65. 140 நியூட்டன் என்பது ஏறத்தாழ 14 கிலோ எடை அழுத்துவது போல. பட்டுவிட்டு உடனே விலக முடிகிற மோதல் என்றால் வரம்பு இரு மடங்கு. ஆனால் தலைக்கும் முகத்துக்கும் அந்தச் சலுகை கிடையாது. தலை உயரத்தில் ரோபோ போகும் பாதை இருந்தால் பாதையை மாற்றுங்கள், வேறு பேச்சே வேண்டாம்.

வேகம் எவ்வளவு இருக்கலாம் என்பதும் எங்கே படும் என்பதைப் பொறுத்தது. நகரும் பாகங்களின் எடையில் பாதியோடு தூக்கும் சுமையைச் சேர்த்தது 10 கிலோ என்று வையுங்கள். வெறும் காற்றில் இருக்கும் கையில் மோதினால் 15066-இன் சூத்திரம் நொடிக்கு ஏறத்தாழ 1.36 மீட்டர்வரை விடுகிறது. அதே ரோபோ மார்பில் மோதக்கூடும் என்றால் 0.63 மீட்டர்தான். கை லேசானது, தள்ளினால் விலகிவிடும். மார்புக்குப் பின்னால் உடலின் எடை இருக்கிறது.

விசை மட்டும் சரியாக இருந்தால் போதாது, அழுத்தமும் வரம்புக்குள் இருக்க வேண்டும். 140 நியூட்டன் விசை 5 மி.மீ. சதுர முனை ஒன்றின் மேல் விழுந்தால் சதுர சென்டிமீட்டருக்கு 560 நியூட்டன். கையின் பல இடங்களுக்கு வரம்பு சுமார் 200 முதல் 300 வரைதான். விசை வரம்புக்குள் இருந்தும் கிரிப்பரின் மூலையும் திருகின் தலையும் பாகத்தின் ஓரமும் உங்களைத் தோற்கடிப்பது இப்படித்தான். மூலைகளை வளைவாக்குங்கள், மென்மையான உறை சுற்றுங்கள், பாகத்தைப் பிடிக்கும் திசையை மாற்றுங்கள்.

கடைசியில் அளக்காமல் விடாதீர்கள். ஸ்பிரிங்கும் ரப்பரும் அழுத்தத் தாளும் கொண்ட அளவுக் கருவி இருக்கிறது. அளக்கும் முறையை ஐஎஸ்ஓ/பிஏஎஸ் 5672 விவரிக்கிறது. நசுங்கக்கூடிய ஒவ்வோர் இடத்திலும், உண்மையான வேகத்திலும் சுமையிலும் அளந்து எழுதி வையுங்கள். "தொட்டவுடன் நின்றுவிடும்" என்று காட்ட யாராவது கையைக் குறுக்கே நீட்டினால் உடனே தடுத்து நிறுத்துங்கள்.

படி 7: கற்றுக்கொடுக்கும் நேரமும் பராமரிப்பும்

வேலிக்குள் நின்று ரோபோவுக்குப் புள்ளிகள் கற்றுக்கொடுக்கும்போது வேகம் நொடிக்கு 250 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. கையில் பிடித்து ரோபோவை இயக்கும் பெண்டன்ட்டில் மூன்று நிலைப் பொத்தான் இருக்கும்: விட்டாலும் நிற்கும், பயத்தில் இறுக்கிப் பிடித்தாலும் நிற்கும், நடுவில் பிடித்தால்தான் ஓடும். அதை டேப் போட்டு ஒட்டுபவரை அந்த நிமிடமே வேலையிலிருந்து நிறுத்துங்கள். தானாக ஓடுவதா, கற்றுக்கொடுப்பதா என்று மாற்றும் பயன்முறைச் சாவி உள்ளே இருப்பவரிடமே இருக்கட்டும், வெளியிலிருந்து யாரும் ஓட்ட முடியக் கூடாது. சுவருக்கும் ரோபோவுக்கும் நடுவில் நிற்காதீர்கள். பின்னால் விலகும் வழி இருக்க வேண்டும்.

எமர்ஜென்சி ஸ்டாப் அழுத்தினால் மின்சாரம் போய்விட்டது, இனிக் கை வைக்கலாம் என்று நினைப்பது உயிருக்கு ஆபத்து. அது இயக்கத்தை நிறுத்தும், ஆற்றலைத் துண்டித்துப் பூட்டாது. பழுது பார்க்கும்போது மெயின் சுவிட்சை அணைத்து உங்கள் பூட்டைப் போடுங்கள். காற்றழுத்தத்தை வெளியேற்றுங்கள். கிரிப்பரின் ஸ்பிரிங்கில் விசை தங்கியிருக்கிறதா பாருங்கள். மோட்டாரைக் கழற்றினாலோ பிரேக்கை விடுவித்தாலோ கை தன் எடையில் கீழே விழும். அதற்கு முட்டுக் கொடுத்த பிறகே தொடுங்கள். இவற்றையெல்லாம் செய்த பின், வேலையைத் தொடங்கும் முன் ஓட்டிப் பார்த்து, உண்மையிலேயே அசையவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

படி 8: சோதித்து, எழுதி, மாற்றங்களைப் பிடித்து வையுங்கள்

ஒவ்வொரு பாதுகாப்புச் செயல்பாட்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள். ஒவ்வொரு கதவு, ஒவ்வொரு எமர்ஜென்சி ஸ்டாப், ஸ்கேனரின் ஒவ்வொரு மண்டலம். இரண்டு கம்பி உள்ள சுற்றில் ஒன்றைக் கழற்றி, பழுது என்று காட்டுகிறதா பாருங்கள். இந்தச் சோதனையைத்தான் அதிகம் பேர் தவிர்க்கிறார்கள்.

பல ரோபோக்கள் பாதுகாப்பு அமைப்புகளுக்கு ஒரு சரிபார்ப்பு எண்ணைத் திரையில் காட்டும். சோதனை முடிந்த அன்று அந்த எண்ணைக் குறித்து, அமைப்புக்கு ஒரு கடவுச்சொல் வையுங்கள். எண் மாறியிருந்தால் யாரோ வேகத்தையோ விசையையோ எல்லையையோ தொட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

பிறகு மாற்றங்கள். புதுக் கிரிப்பர், கொஞ்சம் கனமான பாகம், உற்பத்தியைக் கூட்ட வேகத்தில் சிறு உயர்வு, மேசை கொஞ்சம் நகர்வு: இவை எல்லாமே மேலே போட்ட கணக்குகளை மாற்றும். யார் அனுமதி கொடுப்பார், எதைத் திரும்ப அளக்க வேண்டும் என்பதை முன்பே எழுதி வையுங்கள். நிற்கும் நேரத்தைக் குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடி அளந்து, பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். ஓடத் தொடங்கிச் சில வாரம் கழித்து, இரவு ஷிஃப்டிலும் ஒருமுறை போய் நின்று, எங்கே சிக்குகிறது, யார் எப்படிக் கை வைக்கிறார் என்று பாருங்கள். படி 2-இல் எழுதிய பட்டியலில் இல்லாத வேலை ஒன்றாவது கண்ணில் படும். அதைப் பட்டியலில் சேர்த்து, அதற்கும் ஆபத்து மதிப்பீடு செய்து, தேதி போட்டுக் கோப்பில் வையுங்கள்.